புரவலர் உறவு: கொடுப்பவர், பெறுபவர், இடையில் நிற்பவர்

கட்சிப் பிரமுகர் ஒருவர் தம் தொண்டருக்கு அரசு வேலை வாங்கித் தருகிறார். செல்வந்தர் ஒருவர் ஓர் இளம் ஓவியரின் ஓராண்டுச் செலவை ஏற்றுக்கொள்கிறார். அறக்கட்டளை ஒன்று ஓர் ஊருக்கு நூலகம் கட்டிக் கொடுக்கிறது. மேலதிகாரி ஒருவர் தமக்கு வேண்டியவரைப் பதவி உயர்வுப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார். கேட்ட மாத்திரத்தில் இவற்றில் இரண்டைப் புகழ்வோம், இரண்டைக் கண்டிப்போம். ஆனால் சமூகவியலும் அரசியல் அறிவியலும் நான்கையும் ஒரே தலைப்பில் வைத்துப் பேசுகின்றன. புரவலர் உறவு என்பது அந்தத் தலைப்பு.

நான்கிலும் அமைப்பு ஒன்றே. வசதியோ அதிகாரமோ உள்ள ஒருவர், அது இல்லாத ஒருவருக்குக் கைகொடுக்கிறார். பெற்றவர் அதை வேறு வடிவில் திருப்பிச் செலுத்துகிறார். விளைவில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். கொடுக்கப்படுவது யாருடைய பொருள்? கைமாறாக எதிர்பார்க்கப்படுவது என்ன? பெறுபவருக்கு விலகிப் போக வழி உண்டா? கொடுப்பவர் நல்லவரா கெட்டவரா என்று ஆராய்வதைவிட இந்த மூன்றையும் கேட்பது பயன் தரும். நல்ல மனிதர்கள் நடத்தும் மோசமான ஏற்பாடுகள் ஏராளம்.

எது புரவலர் உறவு, எது இல்லை

இந்த உறவுக்கு நான்கு அடையாளங்கள். இருவரும் சமநிலையில் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். உறவு ஒரே தடவையில் முடிவதில்லை. கைமாறு என்ன, எவ்வளவு, எப்போது என்பது முன்கூட்டிப் பேசப்படுவதில்லை. இந்தக் கடைசி அடையாளத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற கொடுக்கல் வாங்கல்களிலிருந்து இதைப் பிரித்துவிடலாம்.

காசு கொடுத்துப் பொருள் வாங்கினால் கணக்கு அங்கேயே தீர்ந்தது; அது வணிகம். இன்ன கையெழுத்துக்கு இன்ன தொகை என்று பேசி வாங்கினால் அது லஞ்சம். அதிலும் கணக்கு தீர்ந்துவிடுகிறது. முகம் தெரியாதவருக்காக உண்டியலில் போடும் பணம் தர்மம்; அங்கே கைமாறே இல்லை. சட்டப்படி மாதம் பிறந்ததும் வரும் ஓய்வூதியம் உரிமை. அதை அனுப்பும் எழுத்தருக்கு யாரும் கடமைப்படவில்லை. புரவலர் உறவில் மட்டும் கணக்கு திறந்தே கிடக்கிறது. இன்று மகனின் கல்லூரி இடத்துக்காக ஒருவரிடம் போனவர், நாளை அவர் கூப்பிடும்போது தேர்தல் வேலைக்குப் போவார், அவர் வீட்டு விசேஷத்தில் முன்னே நிற்பார், அவரைப் பற்றி யாராவது தவறாகப் பேசினால் மறுத்துப் பேசுவார். எதற்கும் விலை எழுதப்படவில்லை. செஞ்சோற்றுக்கடன் என்று நாம் சொல்வது இந்தத் தீராத கணக்கைத்தான்.

இந்த எல்லைகள் நிலையானவை அல்ல. ஓய்வூதிய விண்ணப்பம் காரணமின்றி மாதக்கணக்கில் கிடக்கிறது, உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் பேசியதும் மறுநாளே நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பித்தவருக்குக் கிடைத்தது அவருக்குச் சட்டப்படி உரியதுதான். ஆனால் அவர் மனத்தில் அது அந்தப் பெரியவரின் தயவாகப் பதிகிறது. உரிமை தயவாக மாறிய இந்த இடத்தில் ஒரு புரவலர் உருவாகிறார், அதுவும் கைக்காசு ஒன்றும் செலவழிக்காமல். அலுவலகங்களில் விதிகள் புரியாமலும் தாமதங்கள் தீராமலும் இருப்பதால் லாபம் அடைபவர் ஒருவர் எங்கோ இருக்கிறார் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

புலவர் மறுத்த பரிசில்

பெறுபவரின் பக்கத்திலிருந்து இந்த உறவைக் காட்டும் மிகப் பழைய சான்றுகள் சிலவற்றைப் புறநானூறு வைத்திருக்கிறது. 208ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் வருகிறார். அதியமான் அவரை நேரில் காணாமலே, இதைக் கொண்டு செல்லட்டும் என்று பரிசில் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்கவில்லை. "காணாது ஈத்த இப்பொருட்கு யான் ஓர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்கிறார். என் தகுதியின் அளவறிந்து விரும்பிக் கொடுத்தால் தினையளவே ஆனாலும் அது இனிது என்றும் சொல்கிறார்.

வறுமையில் இருப்பவர் கைக்கு வந்த பொருளை ஏன் தள்ள வேண்டும்? முகம் பார்த்து, தகுதி அறிந்து கொடுத்தால் அது பரிசில். இல்லாவிட்டால் அது கூலி. கூலி வாங்கியவர் பாடும் புகழுக்கு மதிப்பில்லை என்பது அரசனுக்கும் தெரியும். அரசனிடம் பொருள் இருந்தது, புலவரிடம் புகழ் இருந்தது. புகழை விலைக்கு வாங்க முடியாது என்பதால் பெறுபவரின் கையிலும் ஒரு பிடி இருந்தது.

அந்தப் பிடி எவ்வளவு வலுவானது என்பதை 162ஆம் பாடல் காட்டுகிறது. சிற்றரசன் இளவெளிமான் தகுதிக்குக் குறைவாகக் கொடுக்க, அதே புலவர் குமணனிடம் சென்று யானையைப் பரிசிலாகப் பெற்று, திரும்பி வந்து இளவெளிமானின் காவல்மரத்தில் அதைக் கட்டுகிறார். "புரவலர் இரவலர்க்கு இல்லையும் அல்லர்", அதாவது, கேட்பவர்க்குக் கொடுப்பவர் உலகில் இல்லாமல் போய்விடவில்லை. மூன்றாவது கேள்வியின் பொருள் இதுதான். பல புரவலர்கள் இருக்கிற இடத்தில் பெறுபவர் நிமிர்ந்து பேசுகிறார். ஒரே ஒருவர் இருக்கிற இடத்தில் அதே மனிதர் குனிகிறார். பரிசில் பெற்றவர் பெறாதவருக்கு வழிசொல்லும் ஆற்றுப்படைப் பாடல்கள் பத்துப்பாட்டில் பாதி, ஐந்து. எந்த அரசனிடம் போகலாம், வழி எது, எப்படி வரவேற்பான் என்ற செய்தி பெறுபவர்களுக்குள் சுற்றி வந்தது. இந்தச் செய்தி ஓட்டம் நின்றால் பேரம் பேசும் வலிமையும் போய்விடும்.

இடையில் நிற்பவர்

பண்டைய ரோமில் இந்த உறவு சமூகத்தின் முதுகெலும்பாகவே இருந்தது. விடிந்ததும் சார்ந்தவர்கள் டோகா என்னும் மேலாடை அணிந்து புரவலரின் வீட்டு வாசலில் வணக்கம் சொல்லக் காத்திருப்பார்கள். வழக்கு, கடன், பாதுகாப்பு ஆகியவற்றில் அவர் துணை நிற்பார். அவர்கள் அவருடன் பொது இடங்களுக்குக் கூட்டமாகப் போவார்கள், தேர்தலில் அவருக்கு உழைப்பார்கள். விடுதலை பெற்ற அடிமை, தம் பழைய எசமானருக்குத் தாமாகவே சார்ந்தவர் ஆகிவிடுவார். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டம், தம்மைச் சார்ந்தவரை ஏமாற்றும் புரவலரைச் சாபத்துக்குரியவர் என்று அறிவித்தது. விதி எழுதும் அளவுக்கு ஏமாற்று நடந்திருக்க வேண்டும்.

ரோமப் பேரரசு விரிந்தபோது மூன்றாவது ஆள் முக்கியமானார். இளைய பிளினி என்ற ரோம அதிகாரி, தமக்கு நோய் தீர்த்த ஹார்போக்ராஸ் என்ற எகிப்தியருக்கு ரோமக் குடியுரிமை கேட்டுப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். கிடைத்தது. பிறகுதான், எகிப்தியர் முதலில் அலெக்சாண்டிரியாவின் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும் என்று விவரமறிந்தவர்கள் சொன்னார்கள். அதற்கும் பிளினி இன்னொரு கடிதம் எழுதினார். ஹார்போக்ராஸால் இந்தக் கடிதங்களை எழுதியிருக்க முடியாது. பிளினியிடம் குடியுரிமை இல்லை, பேரரசரிடம் போகும் வழி இருந்தது.

புரவலர் கையில் உள்ளவை இரு வகை. நிலம், பணம், வேலை போல நேரடியாகக் கொடுக்கக்கூடியவை ஒரு வகை. அவற்றை வைத்திருப்பவர்களை அறிந்திருப்பது இன்னொரு வகை. இரண்டாவதை மட்டும் வைத்திருப்பவர் இடையாள். அவருடைய முதலீடு தொடர்புதான். அதனால் இரு முனைகளும் நேரடியாகச் சந்தித்துவிட்டால் அவர் பிழைப்பு போய்விடும். அவர் விதிகளை விளக்கமாட்டார், படிவத்தைத் தம் கையாலேயே நிரப்புவார், மேலே உள்ளவரின் எண்ணைத் தரமாட்டார். வேலை தானாக நடந்திருந்தாலும் பெயர் அவருக்குப் போகும். ஓர் ஊரில் இடையாள் யார் என்று கண்டுபிடிக்க, எந்தத் தகவல் எளிதாகக் கிடைக்கவில்லை என்று பாருங்கள். அந்தத் தகவல் யாரிடம் இருக்கிறதோ, அவர்தான்.

மக்கள் ஏன் இதை நாடுகிறார்கள்

அறியாமையாலோ அடிமைப் புத்தியாலோ மக்கள் புரவலரை நாடுவதாகச் சொல்வது தவறு. வங்கி கடன் தராத, காப்பீடு இல்லாத, நீதிமன்றம் எட்டாத இடத்தில் புரவலர்தான் மூன்றும். விளைச்சல் பொய்த்த ஆண்டில் நில உரிமையாளர் விதைநெல் தருவார், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பணம் தருவார், காவல் நிலையம் வரை உடன் வருவார். ஆண்டு முழுவதும் குறைந்த கூலிக்கு உழைப்பது இதற்கான தவணைத் தொகை. ஒரு மோசமான ஆண்டு ஒரு குடும்பத்தையே முடித்துவிடும் நிலையில், அதிக வருமானத்தைவிட உறுதியான பாதுகாப்பைத் தேர்ந்தெடுப்பது விவேகமான முடிவுதான்.

ஆனால் கொடுக்கும் விலை பெரிது, அதை ஒரு குடும்பம் மட்டும் கொடுப்பதில்லை. பத்துக் குடும்பங்களும் தனித்தனியாக ஒரே உரிமையாளரின் தயவை நம்பியிருந்தால், பத்தும் சேர்ந்து கூலி உயர்வு கேட்பது நடக்காது. முதலில் கேட்பவருக்குத் தயவு போய்விடும். கேட்காதவருக்கு அது கூடும். பக்கத்து வீட்டுக்காரர் தோழராக இருக்க வேண்டியவர், போட்டியாளராகிவிடுகிறார். புரவலர் முறை வலுவாக உள்ள இடங்களில் சங்கம் கட்டுவது கடினமாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

கடன், காப்பீடு, நில உரிமை, நீதி ஆகியவை பொது விதிப்படி கிடைக்கத் தொடங்கினால் பழைய புரவலர் வலுவிழக்கிறார். சும்மா இருந்துவிடமாட்டார், அந்தத் திட்டங்களுக்கே இடையாளாக மாறப் பார்ப்பார். எனவே புதிய நலத்திட்டம் வகுப்பவர்கள் தொகை எவ்வளவு என்பதற்குக் கொடுக்கும் கவனத்தை, பயனாளிப் பட்டியலில் பெயர் சேர்ப்பது யார் என்பதற்கும் கொடுக்க வேண்டும்.

கலையும் அறிவும்

இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியங்களைப் பார்க்கும்போது கலைஞரின் மேதைமைதான் கண்ணில் படும். பின்னால் இருந்த ஒப்பந்தங்களைப் படித்தால் வேறொரு படம் கிடைக்கும். 1485இல் ஃபுளோரன்ஸில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தின் தலைவருக்கும் ஓவியர் டொமெனிக்கோ கிர்லாண்டாயோவுக்கும் எழுதப்பட்ட ஒப்பந்தம் பிழைத்திருக்கிறது. தாளில் வரைந்து காட்டியபடியே பலகையில் தீட்ட வேண்டும். வண்ணச் செலவு ஓவியருடையது. நீலம், அவுன்ஸ் ஒன்றுக்குச் சுமார் 4 ஃபுளோரின் (ஃபுளோரன்ஸின் பொற்காசு) பெறுமானமுள்ள அல்ட்ராமரைனாக இருக்க வேண்டும். 30 மாதத்தில் முடிக்க வேண்டும். கூலி 115 ஃபுளோரின். ஆனால் அவ்வளவு பெறாது என்று தலைவர் கருதினால் குறைத்துக்கொள்ளலாம்.

நீலத்துக்கு விலை எழுதியது ஏன்? அந்த நீலம் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்த லாபிஸ் லாசுலி என்னும் நீலக் கல்லை அரைத்துச் செய்யப்பட்டது. மலிவான நீலக் கனிமங்களும் சந்தையில் இருந்தன. வண்ணம் ஓவியரின் செலவு என்றால், மலிவானதைக் கலக்கும் ஆசை வரும். ஓவியத்தின் முன் நிற்பவர்கள் நீலத்தைப் பார்த்தே கொடுத்தவரின் தகுதியை எடைபோட்டார்கள் என்பதும் காரணம். இந்த ஆவணத்தில் புரவலர் உறவு கிட்டத்தட்ட வணிக ஒப்பந்தமாகிவிட்டது. ஆனாலும் விலையைக் குறைக்கும் உரிமை ஒருதலைப்பட்சமாக இருப்பதில் சமமின்மை அப்படியே நிற்கிறது.

கலிலியோவின் கதை இன்னும் நுட்பமானது. 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டார். மார்ச்சில் நூலாக வெளியிடும்போது அவற்றுக்கு மெடிசி விண்மீன்கள் என்று பெயரிட்டு, டஸ்கனியின் ஆட்சியாளர் இரண்டாம் கோசிமோ மெடிசிக்குக் காணிக்கையாக்கினார். என்ன பெயர் பிடிக்கும் என்று அரசவையிடம் முன்னதாகக் கேட்டும்கொண்டார். அதே ஆண்டில் வெனிஸ் குடியரசிலிருந்த பதுவா பல்கலைக்கழகத்தின் பாடச் சுமை நீங்கி, அரசவைக் கணித அறிஞராகவும் தத்துவ அறிஞராகவும் ஆனார். ஆராய்ச்சிக்கு நேரம் கிடைத்தது, கண்டுபிடிப்புக்கு அரச குடும்பத்தின் மதிப்பு துணை நின்றது. ஆனால் வெனிஸ் குடியரசின் எல்லையை விட்டு அவர் வந்த இடத்தில் ரோமின் செல்வாக்கு அதிகம். 1633இல் திருச்சபையின் விசாரணை மன்றம் அவரைத் தண்டித்தபோது மெடிசிகளால் காப்பாற்ற முடியவில்லை. ஒரு காலத்தில் அவரை மெச்சிக் கவிதை எழுதிய நண்பர்தான் அப்போது போப்பாண்டவர். புரவலர் தரும் பாதுகாப்பு, அவருக்கு மேலே உள்ளவர் அனுமதிக்கும் அளவுக்குத்தான்.

இசையில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன். 1761இல் எஸ்டர்ஹாசி இளவரசர் குடும்பத்தில் பணியேற்றபோது எழுதிய ஒப்பந்தம் அவர் அணிய வேண்டிய வெள்ளைக் காலுறையைக்கூடச் சொல்கிறது. தினமும் நண்பகலுக்கு முன்னும் பின்னும் முன்னறையில் நின்று, இன்று இசை வேண்டுமா என்று கேட்க வேண்டும். இயற்றியவற்றை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது எந்நேரமும் கையில் ஓர் இசைக்குழு. எழுதியதை மறுநாளே ஒலிக்கச் செய்து திருத்தும் வசதி சந்தையில் எந்த இசைஞருக்கும் கிடைத்திருக்காது.

1772இல் கோடைக்கால மாளிகையில் தங்கல் நீண்டுகொண்டே போனது. கலைஞர்கள் வீட்டு நினைவில் வாடினார்கள். இளவரசரிடம் நேரில் விடுப்புக் கேட்பது மரியாதையில்லை. ஹைடன் ஒரு சிம்ஃபொனி எழுதினார். கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக வாசிப்பை முடித்து, மெழுகுவத்தியை அணைத்து எழுந்து போவார்கள். முடிவில் இரண்டு வயலின்கள் மட்டும் மிஞ்சும். இளவரசர் புரிந்துகொண்டார், குழுவுக்கு விடுப்பு கிடைத்தது. இந்த உறவில் நேரடியாகக் கேட்க முடியாதவை எவ்வளவு என்பதையும், கேட்கத் தெரிந்தவர் எப்படிக் கேட்டார் என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இல்லை. 1779இல் புது ஒப்பந்தம் எழுதியபோது, பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதி நீங்கியது. அதன்பின் பதிப்பகங்களுக்கு விற்று அவர் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்டார்.

எழுத்தாளர்களுக்கு வழி திறந்தது பதிப்புரிமைச் சட்டம். 1710இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த சட்டம் புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை கொடுத்தது. முன்பணம் கட்டும் வாசகர்களைத் திரட்டி நூல் வெளியிடும் முறையும் பரவியது. 1755இல், தாம் தொகுத்த ஆங்கில அகராதி வெளிவரும் நேரத்தில் மட்டும் வந்து பாராட்டிய செஸ்டர்ஃபீல்டு பிரபுவுக்கு சாமுவேல் ஜான்சன் எழுதிய கடிதம் புகழ்பெற்றது: நீரில் மூழ்கித் தவிப்பவனைக் கவலையின்றிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் கரையேறிய பிறகு உதவியால் அவனைச் சுமைப்படுத்துபவர்தானா புரவலர் என்று கேட்டார். வாசகர் சந்தை கைகொடுத்ததால்தான் அவரால் அப்படி எழுத முடிந்தது.

பொதுப் பதவி என்னும் பொருள்

இதுவரை கொடுத்தவர்கள் பெரும்பாலும் தம் பொருளைக் கொடுத்தார்கள். முதல் கேள்விக்கான விடை மாறும்போது எல்லாமே மாறுகிறது. அரசு வேலை, ஒப்பந்தம், உரிமம் ஆகியவை கொடுப்பவரின் சொத்து இல்லை. அவற்றைத் தம் ஆட்களுக்குப் பங்கிடுபவர், ஊராரின் பொருளைக் கொண்டு தமக்கு நன்றியை வாங்குகிறார்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இது வெளிப்படையான முறையாகவே இருந்தது. வென்றவருக்கே கொள்ளைப் பொருள் உரியது என்று 1832இல் செனட்டர் வில்லியம் மார்சி சொன்ன பேச்சால் அதற்குப் பெயரும் கிடைத்தது. ஆட்சி மாறினால் தபால் அதிகாரி முதல் சுங்க எழுத்தர் வரை மாறுவார்கள். வேலை பெற்றவர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்ட வேண்டும். ஆதரித்தவர்கள் சொன்ன வாதத்திலும் ஓரளவு உண்மை இருந்தது: அதுவரை உயர்குடியினரிடம் தேங்கியிருந்த பதவிகள் சாதாரண மக்களுக்கும் திறந்தன, பெரிய கட்சிகளைக் கட்ட முடிந்தது. ஆனால் வேலைக்கு வந்தவர் அதைத் தெரிந்துகொள்ளும் நேரத்தில் போய்விடுவார். ஆட்சியாளரின் நேரமெல்லாம் வேலை கேட்டு வருபவர்களுக்கே போகும்.

1881 ஜூலை 2 அன்று குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சார்லஸ் கிட்டோ என்பவர் சுட்டார். தேர்தலில் உழைத்ததற்குப் பாரிஸ் தூதரகப் பதவி தமக்கு வர வேண்டும் என்று நம்பி ஏமாந்தவர் அவர். கார்ஃபீல்டு செப்டம்பர் 19 அன்று இறந்தார். 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் வந்தது. தேர்வு மூலம் நியமனம், ஊழியர்களிடம் கட்டாயக் கட்சி வசூலுக்குத் தடை. தொடக்கத்தில் கூட்டாட்சிப் பணிகளில் சுமார் 10 விழுக்காடு மட்டுமே அதற்குள் வந்தன. பதவி இழக்கப்போகும் ஒவ்வொரு தலைவரும் தாம் நியமித்தவர்களைக் காப்பாற்ற அந்த வட்டத்தை விரிவாக்கிக்கொண்டே போனார்கள். சீர்திருத்தம் பரவ அவர்களின் தன்னலமும் உதவியது.

கிழக்கிந்தியக் கம்பெனியில் இயக்குநர்களின் நியமனத்தால்தான் பதவி கிடைத்தது. 1853ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிறுத்தி, 1855இல் போட்டித் தேர்வு தொடங்கியது. ஆனால் தேர்வு லண்டனில் மட்டும் நடந்தது. இந்தியாவிலும் நடத்த 1922 ஆயிற்று. தேர்வு வந்துவிட்டதாலேயே கதவு எல்லோருக்கும் திறந்ததாகிவிடாது. இடம், வயது, மொழி, கட்டணம் என்று எந்தப் பூட்டு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எல்லா நியமனத்தையும் தேர்வால் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. தேர்தலில் வென்றவர் தம் கொள்கையை நடத்த நம்பகமான சிலரை வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் இன்றும் சுமார் 4,000 அரசியல் நியமனங்களைச் செய்கிறார். எந்தெந்தப் பதவிகள், ஒப்புதல் யாருடையது, பதவிக்காலம் எவ்வளவு என்று முன்பே வரையறுத்திருப்பதால் அது கட்டுக்குள் நிற்கிறது.

வாக்குக்கும் இதே தர்க்கம். பிரிட்டனில் 1872 வரை வாக்கு வெளிப்படையாகவே பதிவாயிற்று. யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை நில உரிமையாளர் ஏட்டிலேயே படிக்கலாம். 1856இல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் தொடங்கிய ரகசிய வாக்கெடுப்பு, கைமாறு வந்ததா என்று சரிபார்க்கும் வழியை அடைத்தது. முழுவதும் அடைபடவில்லை. சிறிய வாக்குச்சாவடி ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் தனித்தனியாக வெளிவந்தால், ஒரு தெரு முழுவதும் எப்படி வாக்களித்தது என்று கணிக்கலாம், அந்தத் தெருவின் குழாயை நிறுத்தலாம்.

புரவலர் உறவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான patronage என்பதன் வேறு இரண்டு பயன்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு தேவாலயத்துக்குப் போதகரை முன்மொழியும் உரிமை, நில உரிமையாளரின் சொத்துப்போல ஐரோப்பாவில் இருந்தது. ஸ்காட்லாந்தில் அதை எதிர்த்து 1843இல் 450க்கும் மேற்பட்ட போதகர்கள் வீடும் ஊதியமும் துறந்து திருச்சபையை விட்டு வெளியேறினார்கள். வாடிக்கையாளர் தரும் ஆதரவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடை, லாபத்தை முதலுக்கு ஏற்பப் பிரிக்காமல் ஒவ்வொருவரும் வாங்கிய பொருளுக்கு ஏற்பப் பிரித்தது.

சிபாரிசு எங்கே தவறாகிறது

அன்றாடத்தில் அதிகம் குழப்புவது இதுதான். சிபாரிசு தகவலாக இருக்கலாம், கட்டளையாகவும் இருக்கலாம். இவரை இத்தனை ஆண்டாகத் தெரியும், இந்த வேலையில் பார்த்தேன், இதில் தேர்ந்தவர், இதில் இன்னும் பழக வேண்டும் என்று எழுதித் தருவது தகவல். தேர்வுக்குழு முழுவதும் அதைப் படிக்கலாம், சந்தேகம் வந்தால் கேட்கலாம், தள்ளியும் விடலாம். நம்ம ஆள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் அதில் தகவலே இல்லை. மறுத்தால் என்ன ஆகும் என்ற அச்சம் மட்டும் இருக்கிறது. சிபாரிசு செய்தவருக்கு, அந்த ஆள் சரியில்லை என்று தெரியவந்தால் ஏதாவது இழப்பு உண்டா என்றும் பாருங்கள். தம் நற்பெயரைப் பணயம் வைப்பவர் யோசித்துப் பேசுவார்.

பணியிடத்தில் மூத்தவர் ஒருவர் இளையவரின் பெயரைச் சரியான இடத்தில் எடுத்துச் சொல்வது பெரிய உதவி. திறமை இருந்தும் யார் கண்ணிலும் படாதவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்காது. கெடுவது, மூத்தவர்கள் எல்லோரும் தம் சொந்தச் சாதி, ஊர், கல்லூரி என்ற வட்டத்துக்குள்ளேயே தேடும்போது. ஒவ்வொரு தேர்வும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். மொத்தமாகப் பார்த்தால் ஒரே மாதிரி முகங்கள் வரிசையாக நிற்கும்.

கொடுக்கிறீர்கள் என்றால், பெறுகிறீர்கள் என்றால்

கொடுப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எதை எதிர்பார்க்கவில்லை என்பதை. படைப்பின் உள்ளடக்கத்தில் தலையிடமாட்டேன், பொதுவெளியில் பாராட்டச் சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். தேர்வைத் துறை அறிந்த வேறு சிலரிடம் விடுங்கள். அரசுப் பணம் கலைக்குப் போகும்போது அமைச்சர் நேரடியாகத் தேர்ந்தெடுக்காமல் இடையில் தன்னாட்சி அமைப்பு ஒன்று நிற்கும் முறை, பிரிட்டனில் 1946இல் உருவான கலை மன்றத்தால் பரவலானது. பணத்தை ஒரே தவணையில் கொடுத்தால் பாதியில் தீர்ந்துவிடும். மாதந்தோறும் கேட்டு வாங்கும்படி வைத்தால் பெறுபவர் வாசலில் நிற்பவராகிவிடுவார். தேதி குறித்துத் தானாகப் போய்ச்சேரும் மூன்று நான்கு தவணைகள் நல்லது.

நிலையான ஒன்றைக் கட்டிக்கொடுத்தால் அதன் அன்றாடச் செலவை யார் ஏற்பது? சோழர்காலக் கல்வெட்டுகள் இதற்கு அருமையான விடை வைத்திருந்தன. கோயிலில் ஒரு நந்தாவிளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 96 ஆடுகள் விடப்பட்டன. ஏற்றுக்கொண்ட மன்றாடி (ஆடு வளர்ப்பவர்) நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவை சாவா மூவாப் பேராடுகள்: குட்டிகள் ஈன்றாலும் கிழடு இறந்தாலும் கணக்கில் எண்ணிக்கை 96தான். முதல் குறையாமல் விளைவு மட்டும் செலவாகிறது. அமெரிக்க எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி வேறு வழியில் போனார். 1883க்குப் பிறகு அவர் பணத்தில் உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன. ஊர் நிலம் தர வேண்டும், கட்டடத் தொகையில் 10 விழுக்காட்டை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படியும் சில ஊர்கள் மறுத்தன. 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டதைத் தொழிலாளர்கள் மறக்கவில்லை. நூலகத்துக்கு வந்த பணம் யாருடைய உழைப்பு என்று அவர்கள் கேட்டது நம் முதல் கேள்வியேதான்.

பெறுபவர் கவனிக்க வேண்டியது பங்கை. ஒருவரிடமிருந்து வருவது மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டினால், அவர் வாய் திறந்து எதுவும் சொல்லாமலே அவர் விருப்பம் வேலைக்குள் நுழைந்துவிடும். பதிப்புரிமை யாரிடம், மூலப் படைப்பு யாரிடம், யார் பெயர் எங்கே வரும், தாமதமானால் என்ன என்பவற்றை உறவு இனிமையாக இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். 2013இல் தொடங்கிய பேட்ரியான் போன்ற தளங்களில் நூற்றுக்கணக்கானோர் சிறு தொகை கட்டி ஒருவரை ஆதரிக்கிறார்கள். ஒருவர் விலகினால் பெரிய இழப்பில்லை என்பது நிம்மதி. மாதந்தோறும் எதையாவது வெளியிட்டே ஆக வேண்டிய நெருக்கடி மறுபக்கம். கட்டணத்தையும் விதிகளையும் மாற்றும் உரிமை தளத்திடம் இருக்கிறது. இடையாள் இங்கேயும் உண்டு. ஆதரவாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளை, அவர்கள் சம்மதத்தோடு, தளத்துக்கு வெளியே தனியாகச் சேமித்து வைப்பது அந்த இடையாளை நம்பியே இருக்காமல் தப்ப எளிய வழி.

இறுதியாக, கொடுப்பவர் இல்லாமல் போனால்? இதைப் பேச எல்லோரும் கூசுகிறார்கள். ஹைடனின் இளவரசர் நிக்கோலஸ் 1790இல் இறந்தார். மகன் அன்டனுக்கு இசையில் ஆர்வமில்லை. இசைக்குழுவில் பெரும்பாலோருக்கு வேலை போயிற்று. ஹைடனுக்கு நிக்கோலஸ் தம் உயிலில் ஆண்டுக்கு 1,000 கில்டர் ஓய்வூதியம் எழுதி வைத்திருந்தார். உடனிருந்து வாசித்தவர்களுக்கும் அவருக்கும் அன்று இருந்த வேறுபாடு அந்த உயிலும், ஏற்கெனவே வெளியூர்களில் அச்சாகியிருந்த இசைத்தாள்களும்தான். எனவே ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: ஆதரவு எந்தக் காரணத்தால் நின்றாலும் ஆறு மாதம் முன்னறிவிப்பு, அல்லது அந்த ஆறு மாதத் தொகை, வாரிசுகளும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள்.